மேளத்துக்கு வைத்த கண்

உக்காருங்க, உக்காருங்க. பூசாரி வர இன்னும் அரைமணி நேரம் ஆகும். எங்க அங்கமுத்துப் பூசாரிக்கு ஆறரைன்னா ஏழுன்னு அர்த்தம். செருப்பை வாசல்லயே விட்டுட்டீங்களா? பயப்படாதீங்க, இந்த மாரியம்மன் கோயில்ல செருப்பு காணாமப் போகாது. போனாலும் ஆருன்னு நான் சொல்லிருவேன். பொழுதன்னைக்கும் இங்கதான உக்காந்திருக்கறேன்.

அதையா பாக்கறீங்க? புதுசா வர்ற எல்லாரும் அதைத்தான் பாப்பாங்க. மேளம் அடிக்கற மிசினுங்க அது. ரெண்டு மேளம், ஒரு சேகண்டி, ஒரு மணி. அடியில மோட்டாரு. மோட்டார் சுத்தினா அந்த உருளைக் கம்பி சுத்தும், கம்பியில இருக்கற முளை குச்சியைத் தூக்கித் தூக்கி விடும், குச்சி மேளத்து மேல விழும். அவ்வளவுதான் சங்கதி. ஆனா ஒண்ணு சொல்றேன் கேளுங்க. இந்த மிசினு மூணு மாசம் ரோபோவா இருந்துச்சு. சிரிக்காதீங்க. நாந்தான் ஆக்குனேன். அப்பறம் நானேதான் மறுபடியும் மிசினா ஆக்குனேன்.

எம்பேரு நாச்சிமுத்துங்க. கலெக்டர் ஆபீஸ்ல லிஃப்ட் ஆபரேட்டரா முப்பத்திரண்டு வருஷம் சர்வீஸு. ஸ்டூல்ல உக்காந்து பட்டன் அழுத்தறதுதான் வேலை. அதுல என்ன இருக்குதும்பீங்க. எல்லாரும் அப்படித்தான் சொன்னாங்க. ரிட்டயர் ஆகி வந்த மறுமாசம், இந்தக் கோயில்ல தீபாராதனை நடக்குது. பூசாரிக்கு ரெண்டு கைதானுங்களே? எடது கையில மணி, வலது கையில கற்பூரத் தட்டு. மேளத்துக்குச் சுவிட்சு இந்தத் தூண்ல. "ஆராச்சும் போடுங்க, ஆராச்சும் போடுங்க"ன்னு கத்துறாரு. நான் எந்திரிச்சுப் போட்டேன். அன்னையிலருந்து ஒம்பது வருஷம் நாந்தான் போட்டேன்.

அதுக்கு ஒரு நேரம் இருக்குதுங்க. கற்பூரம் பத்துனதும் போட்டறக்கூடாது. தட்டு அம்மன் பாதத்துக்கிட்ட ஒரு சுத்துச் சுத்தி, மேல ஏறும் பாருங்க, அப்பப் போடணும். அரை நொடி முந்துனா அசிங்கம். பிந்துனா அபசகுனம். முப்பத்திரண்டு வருஷம் பட்டன் அழுத்துன விரலு, அதுக்குத் தெரியும். மத்தபடி எனக்கு அதுல ஒரு பெருமையுமில்லீங்க. மரியாதைக்கு ஆசைப்படற ஆளே நானில்லை. அந்த நேரத்துல இந்தத் தூணுகிட்ட வேற ஆரும் நிக்கக்கூடாது, அவ்வளவுதான்.

போன வருஷம் ஆடியில, பின்னால இருக்கற அபார்ட்மென்ட்டுக்கு ஒருத்தர் குடிவந்தாரு. தெய்வசிகாமணி. ரிட்டயர்டு சப்-ரிஜிஸ்ட்ராரு. அதை அவரே சொல்லுவாரு, கேக்காமயே சொல்லுவாரு. ஒரு வெள்ளிக்கிழமை, தட்டு மேல ஏறுது, நான் கையை நீட்டறேன், சுவிட்சு மேல ஏற்கனவே ஒரு கை இருக்குது! மோதிரம் போட்ட கை. போட்டுப்போட்டு என்னையத் திரும்பிப் பாத்துச் சிரிக்கறாரு. அதுவும் எப்ப? கற்பூரம் பத்துனவுடனே! பாதத்துக்கே வரலை தட்டு!

அடுத்த நாளு நான் ஆறு மணிக்கே வந்து தூணுகிட்ட நின்னேன். அதுக்கடுத்த நாளு அவரு அஞ்சே முக்காலுக்கு நிக்கறாரு. நான் அஞ்சரைக்கு வந்தேன். அவரு அஞ்சேகாலு. கடைசியில நாலு மணிக்கு, கோயில் நடையே தொறக்கலை, பூட்டுன கேட்டுக்கு முன்னால ரெண்டு பேரும் நிக்கறோம், ஆளுக்கொரு பக்கம் மூஞ்சியத் திருப்பிக்கிட்டு. எம்மருமக, "ஏன் மாமா, காபி கூடக் குடிக்காம எங்க ஓடறீங்க? சுவிட்சு போடறதுக்கா?"ன்னா. சுவிட்சு போடறதுக்கான்னு கேட்டாளுங்க! பூசாரிகிட்டப் போயி, "நீங்களே ஒரு நாயஞ் சொல்லுங்க, ஆரு போடறது?"ன்னேன். அவரு திருநீத்துத் தட்டைத் தொடச்சுக்கிட்டே, "ஆரு போட்டா என்னுங்க, சத்தம் வந்தாச் செரி"ன்னுட்டாரு.

ஒம்பது வருஷம்! ஆரு போட்டா என்னன்னு சொல்லிட்டாரு. அன்னைக்கு ராத்திரி எனக்குச் சோறு எறங்கலை. பொய் சொல்லலை, அழுதுட்டேன்.

அப்பத்தான் லைப்ரரி போர்டுல ஒரு நோட்டீசு பாத்தேன். 'ரோபாட்டிக்ஸ் அறிமுகம். ஆறு சனிக்கிழமை. ஆர்வமுள்ள யாரும் வரலாம். முன்னறிவு தேவையில்லை.' முன்னறிவு நம்மகிட்டச் சுத்தமா இல்லை, ஆர்வம் எக்கச்சக்கமா இருக்குது. போயிட்டேன். பாலிடெக்னிக்ல பாடம் எடுக்கற பர்வீன் டீச்சருதான் சொல்லிக்குடுத்தாங்க. காலேஜ் புள்ளைங்க பத்துப் பன்னெண்டு பேரு, ஒரு தையல்கடைக்காரம்மா, நான்.

மொத நாளு டீச்சர் கேட்டாங்க, "மிக்ஸி ரோபோவா?" எல்லாரும் இல்லைன்னாங்க. "ஏன் இல்லை?" டீச்சர் போர்டுல மூணே வார்த்தை எழுதுனாங்க. பாக்கணும், யோசிக்கணும், செய்யணும். இந்த மூணும் இருந்தாத்தான் ரோபோ. மிக்ஸி செய்யுது. ஆனா உள்ள தேங்காய் இருக்குதா, உங்க விரல் இருக்குதான்னு அது பாக்கறதில்லை. நான் எந்திரிச்சு, "அப்ப லிஃப்டு?"ன்னேன். என்ன வேலை பாத்தீங்கன்னு விசாரிச்சாங்க. சொன்னேன். சித்த யோசிச்சுப்போட்டுச் சொன்னாங்க: "உங்க லிஃப்டுக்குக் கையும் காலும் இரும்புல இருந்துச்சு. கண்ணும் மூளையும் நீங்கதாங்கய்யா."

முப்பத்திரண்டு வருஷத்துல எத்தனை கலெக்டரு ஏறி எறங்குனாங்க. ஒருத்தராச்சும் இப்படிச் சொன்னதில்லீங்க. நான் அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், இந்தம்மா நரகத்துக்கு வழி சொன்னாலும் கேட்டு நடக்கறதுன்னு. ஆனா கேட்டேனா? அதைத்தான் சொல்ல வர்றேன்.

ரெண்டாவது வாரம் டீச்சரே ரோபோவா நின்னாங்க. "என்னையக் கதவு வரைக்கும் கொண்டுபோங்க பாக்கலாம்." நான் சொன்னேன், "நேராப் போம்மா." நேராப் போயி பெஞ்சுல முட்டி, முட்டுன எடத்துலயே நடந்துக்கிட்டே இருக்கறாங்க! "ஏம்மா, பெஞ்சு தெரியலியா?" "கண்ணு வெச்சீங்களாய்யா?" "வெக்கலை." "பெஞ்சு வந்தாத் திரும்பச் சொன்னீங்களா?" "சொல்லலை." "அப்ப நான் முட்டிக்கிட்டேதான் இருப்பேன். ரோபோ நீங்க நெனைச்சதைச் செய்யாது. நீங்க சொன்னதை மட்டுந்தான் செய்யும்." எங்க ஆபீஸ்ல ஒரு பியூன் இருந்தான், அச்சு அசலு இதே ஜாதி.

எம்பக்கத்துல ஒரு புள்ளை உக்காந்திருக்கும். சிந்துஜா. கம்ப்யூட்டர்ல எனக்கு எழுத்துத் தேடித் தேடி அடிக்க முடியாதுங்களே, அதுதான் அடிச்சுக் குடுக்கும். நெம்பத் தங்கமான புள்ளை. "என்ன செய்யப் போறீங்க தாத்தா?"ன்னுச்சு. சொன்னேன். மேளத்துக்குக் கண்ணு வெக்கப் போறேன். கற்பூரத்தைப் பாத்தா அதுவா அடிக்கணும். இனி சுவிட்சும் வேண்டாம், சுவிட்சுக்கு முந்தற ஆளும் வேண்டாம். அந்தாளு மூஞ்சியை நான் பாக்கணும். அதுவும் கேட்டுக்கிட்டுச் சிரிச்சுச்சு. நாலாவது வாரந்தான் தெரிஞ்சுது, அந்தாளு பேத்தியே அதுதான்! அப்பா இல்லாத புள்ளை, அப்புச்சி ஊட்டுல, அதான் அம்மாவைப் பெத்த அந்தாளு ஊட்டுல, வளருது. "அப்பவே சொல்றதுக்கென்ன கண்ணு?"ன்னேன். "சொல்லியிருந்தா நீங்க நிறுத்தியிருப்பீங்களே தாத்தா"ங்குது.

நெருப்பைப் பாக்கற கண்ணு ஒண்ணு இருக்குதுங்க. மொளகு அளவுல கறுப்பா ஒரு மணி. டீச்சர் சொன்னாங்க, "இது நெருப்பைப் பாக்கறதில்லை. நெருப்புலருந்து நம்ம கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சம் வருது, அதைப் பாக்குது. டிவி ரிமோட்டோட மொனையிலருந்தும் அதே ஜாதி வெளிச்சந்தான் வருது." நம்பலையா? நானும் நம்பலை. ரிமோட்டை அழுத்தி செல்போன் கேமரா வழியாக் காட்டுனாங்க, மொனையில மினுக்கு மினுக்குன்னு எரியுது! அந்தக் கறுப்பு மணிகிட்ட ரிமோட்டைக் காட்டுனா அதுவும் நெருப்புன்னு நெனைச்சுக்குது. வெயிலைக் காட்டுனாலும் அப்படித்தான். கற்பூரமா, வத்திக்குச்சியா, அதுக்கு வித்தியாசமே தெரியாது.

டீச்சர் கோயிலுக்கே வந்து அளந்து குடுத்தாங்க. வெளிய நின்னுக்கிட்டு, சிந்துஜாவை உள்ள அனுப்பிச்சு. அந்தக் கறுப்பு மணியில கருவறை விளக்கு வெளிச்சத்துக்கு ஒரு நம்பரு வந்துச்சு, கற்பூரத்துக்கு ஒரு நம்பரு. "ரெண்டுக்கும் நடுவுல ஒரு கோடு போடுங்கய்யா. கோட்டைத் தாண்டுனா மட்டும் மேளம் அடிக்கட்டும். சாயந்தரம் ஆறரைலருந்து ஏழரை வரைக்கும் மட்டும் பாருன்னும் ஒரு வரி எழுதிருங்க. நிறுத்தறதுக்கு ஒரு சுவிட்சு எல்லாருக்கும் எட்டற மாதிரி இருக்கட்டும்." நான் என்ன செஞ்சேன்? கற்பூரம் ஒருநாள் சின்னதா எரிஞ்சா விட்டுப்போயிருமேன்னு, கோட்டை விளக்குக்குப் பக்கத்துல எறக்கிப்போட்டேன். மணிக்கணக்கெல்லாம் வேண்டாம்னுட்டேன், எங்க பூசாரிக்கு ஏது மணிக்கணக்கு? சுவிட்சைப் பெட்டியில வெச்சுப் பூட்டி, சாவியை எடுத்து அரைஞாண்ல கட்டிக்கிட்டேன். எல்லாருக்கும் எட்டணுமாமே! எட்டுனதுதான இத்தனை வம்புக்கும் காரணம்?

வயரிங்கு வேலைக்கு மட்டும் தெரிஞ்ச வயர்மேன் வந்தாருங்க. கருவறை நிலைக்கட்டையில கண்ணு. அதுலருந்து, நாங்க எழுதுன வரியெல்லாம் இருக்கற மூளைப் போர்டுக்கு வயரு, போர்டுலருந்து மோட்டாருக்கு. ஒருதடவை நெருப்பைப் பாத்தா ஒண்ணரை நிமிஷம் அடிக்கும், அப்பறம் தானா நின்னுக்கும்.

மாசி வெள்ளிக்கிழமை. கூட்டம் நெறஞ்சிருக்குது. தெய்வசிகாமணி கூட்டத்தை வெலக்கிக்கிட்டுத் தூணுகிட்ட வந்து கையை வெக்கறாரு, சுவிட்சைக் காணோம்! தூணைத் தடவறாரு. பின்பக்கம் போயித் தடவறாரு. நான் கையைக் கட்டிக்கிட்டுக் கம்முனு நிக்கறேன். கற்பூரம் பத்துச்சு. டம்டம டம்டமன்னு தானா அடிக்குது மேளம்! சனங்க அப்படியே கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. அவரு மூஞ்சி போன போக்கு இருக்குதே, எனக்கு அன்னைக்குத்தான் தீபாவளி. ஆனா ஊட்டுக்குப் போறப்ப ஒண்ணு தோணுச்சு, எனக்கும் அங்க வேலை இல்லையேன்னு. சட்டுனு அதை மறந்துட்டேன். மறந்தே போச்சுங்க.

செவ்வாக்கிழமை ராகுகாலத்துல பொம்பளைங்க எலுமிச்சம்பழ விளக்குப் போட வந்தாங்க. ஒவ்வொரு வத்திக்குச்சிக்கும் மேளம். ஒருத்தி பத்த வெப்பா, டம்டம. நின்னதும் அடுத்தவ பத்த வெப்பா, டம்டம. பூசாரி காதைப் பொத்திக்கிட்டு, "நாச்சிமுத்தண்ணா, சாவி, சாவி!"ன்னு தெருவுல ஓடி வர்றாரு. ஊதுபத்திக்கு அடிச்சுது. சாயந்தர வெயிலு பித்தளைத் தாம்பாளத்துல பட்டு அடிச்சுது. டீச்சர்கிட்டச் சொன்னா, "அது தப்புப் பண்ணலைங்கய்யா, நீங்க சொன்னதைத்தான் செய்யுது"ங்கறாங்க. எனக்கு அவமானமாப் போச்சு. கோட்டைக் கொஞ்சம் ஏத்தி வெச்சேன். சரியாப்போச்சுன்னு நெனைச்சேன்.

இனிமேத்தான் விசயமே. இதை நான் ஒரு உசுருகிட்டச் சொன்னதில்லீங்க. ரகசியம்னா எங்கிட்டக் கெணத்துல போட்ட கல்லு. நீங்க வெளியூர்க்காரரு, அதனால சொல்றேன்.

பங்குனியில சிந்துஜாவுக்கு ரெண்டு எடம் வந்துச்சு. ஒண்ணு கரூரு, பெரிய எடம், அப்புச்சிக்கு அதுதான் புடிச்சிருக்குது. இன்னொண்ணு கூடப் படிச்ச பையன், புள்ளைக்கு அதுதான் புடிச்சிருக்குது. ஊட்டுல பத்து நாளாப் பேச்சு வார்த்தை இல்லை. கடைசியில பூவாக்குக் கேக்கலாம்னு வந்தாங்க. எங்க பக்கத்து வழக்கமுங்களே அது. வெள்ளைப் பூவையும் செவப்புப் பூவையும் தனித்தனியாப் பொட்டணம் கட்டி அம்மன் முன்னால போட்டு, ஒண்ணை எடுக்கறது. வெள்ளை வந்தா அம்மனுக்குச் சம்மதம்.

காலையில பதினோரு மணி. விளக்கைத் தவிர ஒரு பொட்டு நெருப்பு இல்லை. கற்பூரத்தைப் பூசாரி இன்னும் எடுக்கவே இல்லை. "கரூரு ஜாதகம், ஒனக்குச் சம்மதமா தாயி?"ன்னு கேட்டாரு. குனிஞ்சு பொட்டணத்தை எடுக்கப் போறாரு. சிந்துஜா சொல்லுது, "ரெண்டையும் கேட்டுப்போட்டு எடுங்கய்யா." செரின்னு அவரும், "அந்த இன்னொரு ஜாதகம், சம்மதமா தாயி?"ன்னாரு. வாயை மூடலை, டம்டம டம்டமன்னு புடிச்சுது பாருங்க மேளம்!

கெட்டிமேளம்! கல்யாணத்துக்குக் கேட்டா மேளமே கொட்டிருச்சு! பூவை எடுக்கவே இல்லை ஒருத்தரும். தெய்வசிகாமணி அப்படியே நெடுஞ்சாண்கிடையா விழுந்துட்டாரு. நான் சுத்திப் பாக்கறேன். வத்திக்குச்சி இல்லை, ஊதுபத்தி இல்லை, அந்த நேரத்துல வெயிலும் உள்ள வராது. அப்பறம் பாத்தேன். சிந்துஜா நிலைக்கட்டைகிட்ட நிக்குது. முந்தானைக்கு உள்ள கை. முந்தானை ஓரத்துல டிவி ரிமோட்டு மூக்கை நீட்டிக்கிட்டு இருக்குது!

எனக்கு வந்த சந்தோசம் இருக்குதே! ஒம்பது வருஷப் பெருமையைத் தட்டிப் பறிச்ச மனுசன் தரையில கெடக்கறாரு. ஒரே வார்த்தை. 'சார், எந்திரிங்க, அம்மன் இல்லை, உங்க ஊட்டு ரிமோட்டு.' ஊரே சிரிச்சிருக்கும். அவரு அபார்ட்மென்ட்டையே காலி பண்ணியிருப்பாரு. வாயைத் தொறந்துட்டேனுங்க. அந்தப் புள்ளை என்னையப் பாத்துச்சு. கண்ணு ரெண்டும் நெறஞ்சு நிக்குது, தலையைக் கூட ஆட்டலை.

அதுக்குள்ள அவரு எந்திரிச்சு வந்து எங்கையைப் புடிச்சுக்கிட்டாரு. "நாச்சிமுத்து, நீங்க வெச்ச கண்ணுதான் என் பேத்திக்கு வழி காட்டிச்சு. நான் பெரிய தப்புப் பண்ண இருந்தேன்"ங்கறாரு. அழுகறாரு. மோதிரம் போட்ட அதே கை. "எல்லாம் அம்மன் செயலு சார்"னு சொன்னேன். நான் சொன்னேன்! இந்த வாயாலயே!

அதோட முடிஞ்சுதா? பேசும் மேளம்னு ஊரெல்லாம் பரவிப்போச்சு. பெருந்துறையிலருந்து வர்றாங்க, பவானியிலருந்து வர்றாங்க. "காட்டை விக்கலாமா தாயி?" "புருசன்கிட்டத் திரும்பிப் போலாமா தாயி?" பின்னால நிக்கறவன் ஆராச்சும் வத்திக்குச்சி ஒரசுனா, மேளம் ஆமாம்னு அடிச்சுருது! ஒருத்தி அதைக் கேட்டுப்போட்டு மூட்டை கட்டிக்கிட்டுக் கெளம்பிட்டா, அவளை அடிச்சவன்கிட்டயே. பஸ் ஸ்டாப் வரைக்கும் ஓடிப்போயி, "அம்மிணி, அது மிசினு, அம்மன் ஒண்ணுஞ் சொல்லலை"ன்னு மல்லுக்கட்டித் திருப்பிக் கூட்டிட்டு வந்தேன். அன்னைக்கே கண்ணைப் புடுங்கிப்போட்டுச் சுவிட்சைப் பழையபடி வெச்சுட்டேன். இப்ப வாரம் ஒருத்தரு முறை. இந்த வாரம் எனக்கு, அடுத்த வாரம் அவருக்கு. அவரு இன்னமும் கற்பூரம் பத்துனவுடனே போடறாரு. சொன்னாக் கேட்டாத்தான?

அந்த ரிமோட்டு விசயம் மட்டும் எங்கூடவே கட்டையில போயிருமுங்க. ஆவணியில கல்யாணம், இதே கோயில்ல. மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க கூட இன்னைக்கு எடம் பாக்க வர்றாங்களாம், காங்கேயத்துலருந்து. இருங்க, இவ்வளவு பேசிப்போட்டு நான் கேக்கவே இல்லை பாருங்க. நீங்க எந்த ஊருங்க?

எந்த ஊரு?

காங்கேயமா. காங்கேயத்துல ஏகப்பட்ட பேரு இருப்பாங்க... நீங்க மாப்பிள்ளைக்கு என்ன வேணும்?

அப்பாவா.

ஐயோ. ஐயையோ. சம்மந்தி, உக்காருங்க, எந்திரிக்காதீங்க. நான் வயசானவன், என்னமோ ஒளறுனேன். ரிமோட்டுன்னா சொன்னேன்? விசிறியா இருக்குமுங்க. எனக்குக் கண்ணும் சரியாத் தெரியறதில்லை. இல்லீங்க, மூஞ்சியை அப்படி வெச்சுக்காதீங்க. உங்க பையனுக்காகத்தான அந்தப் புள்ளை அம்மன் முன்னாலயே துணிஞ்சுது? அப்படியொரு மருமக ஊருக்கு ஒண்ணு கெடைக்குமா? அவங்கப்புச்சிகிட்ட மட்டும் சொல்லிறாதீங்க. உங்க காலைப் புடிக்கறேன். அந்த மனுசன் தாங்க மாட்டாரு, நெசமாத் தாங்க மாட்டாரு. அவரு எப்படிப்பட்டவருன்னு எனக்கில்லே தெரியும்.

பூசாரி வந்துட்டாரு. அதோ, தெய்வசிகாமணியும் வர்றாரு பாருங்க, உங்களைப் பாத்துக் கையைத் தூக்கறாரு. ஏனுங்க சம்மந்தி, ஒண்ணு பண்ணுங்க. இந்த வாரம் எம்முறை. ஒம்பது வருஷத்துல நானா ஒருத்தருக்கும் குடுத்ததில்லை இதை. இன்னைக்கு நீங்க போடுங்க. வாங்க, இந்தத் தூணுகிட்ட வாங்க. ஆமா, இதுதான் சுவிட்சு. இதைத் தொட்டுட்டா நீங்களும் எங்க கூட்டுதான், அப்பறம் வெளிய சொல்ல முடியாது.

சிரிச்சுட்டீங்க. மாரியம்மா, சிரிச்சுட்டாரு!

விரலை மேல வெச்சுக்குங்க. கற்பூரம் பத்திருச்சு, இப்ப இல்லீங்க. தட்டு பாதத்துக்கு வருது, இன்னும் இல்லீங்க. பொறுங்க, பொறுங்க, ஒரு சுத்து முடியட்டும்... ம், போடுங்க!